வேறு படகுகளும் இருந்தன

கேள்வி: வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தென்கடலுக்குப் போகிறவர். காற்று ஏறிவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஜெபமாலையை எடுத்தால் வாய் மட்டும் சொல்கிறது, மனசு கடலில் கிடக்கிறது. பைபிள் காட்சியைக் கண்முன் கொண்டுவந்து ஜெபித்துப் பார் என்கிறார் எங்கள் அன்பியத்து (பங்கின் சிறு ஜெபக்குழு) அக்கா ஒருவர். கற்பனை பண்ணுவது ஜெபமாகுமா?
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: ஆகும் சகோதரி, தயங்கவே வேண்டாம். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1548-இல் அச்சான தம் ஆன்மிகப் பயிற்சிகளில், ஜெபிக்கும் முன் அந்த இடத்தைக் கண்முன் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார். நம் ஓரியூரில் 1693-இல் தலை வெட்டுண்ட அருளானந்தரும் அந்தப் பயிற்சியில் வளர்ந்த இயேசு சபைக்காரர்தான்.

மனசு கடலில் கிடக்கிறதா, அங்கேயே கிடக்கட்டும். அதை இழுத்து வரப் பாடுபடாமல் மாற்கு 4-ஆம் அதிகாரத்தை எடுத்து, 35 முதல் 41 வரை வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். இயேசுவும் சீடர்களும் படகில் கலிலேயக் கடலைக் கடக்கையில் புயல் அடிக்கிற காட்சி அது. கலிலேயக் கடல் உண்மையில் 21 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நன்னீர் ஏரி. கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, மலைகளுக்கு நடுவே கிடப்பதால் காற்று திடீரென்று இறங்கும். இவ்வளவு தெரிந்தால் போதும். படகின் முன் அணியத்தில் அலை அடித்தால் உள்ளே எவ்வளவு தண்ணீர் விழும் என்பது, பார்க்காத ஊரைப் படம் போட்டுப் பார்க்கிற யாரையும்விட உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

அப்புறம் இயேசு தலைவைத்துத் தூங்கிய அந்தத் தலையணை. மாற்கு ஒருவர்தான் அதைச் சொல்கிறார். பகல் முழுக்கப் பேசிக் களைத்தவர், நம் ஆட்கள் வலைக்குவியலில் சாய்வதுபோல, தண்ணீர் தெறிக்கிற பலகையில் தலைக்கு ஒன்றை வைத்துத் தூங்குகிறார். அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். உடனே எதுவும் கேட்க வேண்டாம், அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருங்கள். கேட்கத் தோன்றும்போது சீடர்கள் கேட்டதையே கேளுங்கள்: "உமக்குக் கவலையில்லையா?" மரியாதையில்லாத கேள்விதான். ஆனால் அதைக் கேட்டுத்தான் எழுந்தார். முதலில் காற்றை அதட்டினார், அவர்களிடம் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டது பிறகுதான்.

36-ஆம் வசனத்தில், வேறு படகுகளும் அவருடன் சென்றன என்று ஒரு சின்ன வரி இருக்கிறது. பல வருஷம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அப்பா கடலில் இருந்த ஓர் ஐப்பசி ராத்திரியில்தான் கண்ணில் பட்டது. அந்தப் படகுகளில் இருந்தவர்கள் அவரை எழுப்பவில்லை, இந்தப் படகில் என்ன நடந்தது என்பதுகூட அந்த இருட்டில் அவர்களுக்குத் தெரிந்திருக்காது, ஆனாலும் கடல் ஒன்றுதானே, அமைதி அவர்களுக்கும் வந்தது. உங்கள் வீட்டுக்காரரை அந்தப் படகுகளில் ஒன்றில் வையுங்கள். நீங்கள் இந்தப் படகில் இயேசுவை எழுப்புகிறவர்.

இப்படி ஜெபித்தால் காற்று நின்றுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். 1964 புயலில் தனுஷ்கோடியில் இடிந்துபோன கோயிலைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். புயல் கூண்டு ஏற்றிய அன்று அவரைக் கடலுக்கு விடாதீர்கள், அதுவும் ஜெபத்தில் சேர்த்திதான்.

கேள்வி: அண்ணனுடன் பேச்சு நின்று இரண்டு வருஷம். தப்பு என்னுடையது. ஜெபிக்க உட்கார்ந்தாலே கூசுகிறது. எதை வாசிக்கலாம்?
- ஒரு வாசகர், மூக்கையூர்

பதில்: யோவான் 18:18, அதன்பின் 21:9. இரண்டிலும் கரி நெருப்பு எரிகிறது. முதல் நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டுதான் பேதுரு இயேசுவைத் தெரியாது என்றார். இரண்டாவதை, உயிர்த்தெழுந்த பிறகு கரையில், மூட்டியவர் இயேசு. கரையில் எங்காவது மீன் சுடுகிற வாசம் வந்தால் நின்று, அந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள் தம்பி. பேதுரு நனைந்தபடி கரையேறி வருவதற்கு முன்பே நெருப்பின் மேல் மீன் இருந்தது. இயேசு பேதுருவிடம் தனியாகப் பேச ஆரம்பித்ததும் சாப்பிட்டு முடித்த பிறகுதான்.