திரும்ப வந்த மலேரியா பழசா, புதுசா? கேள்வி பதில்

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். வைவாக்ஸ் மலேரியாவுக்கு மூன்று நாள் குளோரோகுயின் போட்டு நன்றாகிவிட்டது. ரெண்டு மாசத்தில் மறுபடி அதே குளிர்காய்ச்சல். மருந்து போலியா?

மருந்தைத் திட்டாதீர்கள். குளோரோகுயின் ரத்தத்தில் இருக்கும் கிருமியைத்தான் கொல்லும், கல்லீரலில் தூங்கும் கிருமியான ஹிப்னோசோயிட்டை அது தொடாது. அது பிறகு விழித்துக் காய்ச்சல் வந்தால் 'பழசு'. அந்தத் தூங்கும் கிருமிக்குத்தான் 14 நாள் ப்ரைமாகுயின் மாத்திரை. காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்திவிட்டீர்களோ? உங்கள் ஊர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் வளரும், மலேரியா பரப்பும் ஸ்டீபென்சி கொசு புதிதாகக் கடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு, அது 'புதுசு'.

கேள்வி: எது என்று மரபணுவை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் அக்கா?

முதல் காய்ச்சலிலும் அடுத்த காய்ச்சலிலும் விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாளில் காயவைத்து வைத்திருக்க வேண்டும். கிருமியின் டிஎன்ஏவில் 'ஏடி ஏடி ஏடி' என்று ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு, பெயர் மைக்ரோசாட்டிலைட். ஒரு கிருமியில் 12 தடவை வந்தால் இன்னொன்றில் 17 தடவை வரும். அப்படிப் பல இடங்களைப் பிசிஆரில் (டிஎன்ஏவை நகலெடுக்கும் முறை) பெருக்கி, நீளத்தை அளந்து ஒப்பிடுவோம்.

கேள்வி: ஒத்துப்போனால் பழசு, வேறாக இருந்தால் புதுசு. சரிதானே?

இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். ஒரே கொசுக்கடியில் பல வகைக் கிருமிகள் உள்ளே போகலாம், போன வருடம் கடித்த கொசு விட்டுப்போனதும் கல்லீரலில் தூங்கிக்கொண்டிருக்கலாம், அதில் எது எப்போது விழிக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் வேறாக இருந்தாலும் பழசாக இருக்கலாம். தாய்லாந்து-மியான்மர் எல்லையில் இதைத்தான் பார்த்தார்கள். அடுத்து, கொசுவின் வயிற்றில் கிருமிகள் கலந்து பிறக்கும் குட்டிகள் உடன்பிறப்பு மாதிரி பாதி ஒத்துப்போகும். எதிர்ப்பக்கமும் உண்டு: மலேரியா குறைந்த ஊரில் ஒரே வகை சுற்றிக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து வந்த புதுத் தொற்றும் அச்சு அசலாக ஒத்துப்போகும்.

அதனால் அந்த வகைக் கிருமி ஊரில் எவ்வளவு பரவலாக இருக்கிறது, எத்தனை நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது, ரெண்டையும் சேர்த்து நிகழ்தகவாகத்தான் சொல்கிறோம். 2019இல் அதே எல்லைப்பகுதி நோயாளிகளை வைத்து அப்படிக் கணக்குப் போட்டபோது, ப்ரைமாகுயின் பெறாதவர்களுக்குத் திரும்ப வந்தது கிட்டத்தட்ட எல்லாமே பழசுதான்.

கேள்வி: இன்னொரு மலேரியாக் கிருமியான ஃபால்சிபேரத்துக்கும் இதே குழப்பமா?

இல்லை. அதற்குத் தூங்கும் கிருமி கிடையாது. எம்எஸ்பி1, எம்எஸ்பி2 மாதிரி மரபணுக்களை ஒப்பிட்டு மருந்து தோற்றதா, புதுத் தொற்றா என்று ஓரளவு தெளிவாகவே பிரிக்கலாம்.

கேள்வி: இந்த டெஸ்டை நான் எங்கே எடுக்கலாம்?

எடுக்க வேண்டாம். இது மருந்து ஆய்வுகளுக்கான கருவி. பழசோ புதுசோ, உங்களுக்கு வைத்தியம் ஒன்றுதான். அந்தக் காசில் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ப்ரைமாகுயின் ரத்த அணுக்களை உடைத்துவிடும்.