வாடகை குடுத்தா காசு வீணா?

கேள்வி: அக்கா, டிகிரி முடிச்சு வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, மூணு பேரு சேர்ந்து வாடகைக்கு இருக்கோம். "மாசாமாசம் அடுத்தவன் வீட்டுக் கடனை நீ அடைச்சிட்டிருக்க, அந்தக் காசுக்கு சொந்தமா ஒண்ணு வாங்கிடலாம்ல"ன்னு அப்பா போன் பண்ணும்போதெல்லாம் சொல்றாரு. லோன் போட்டுடவா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. வாடகைங்கிறது நீங்க தூங்கி எந்திரிச்ச இடத்துக்கான காசு, சாப்பிட்ட சாப்பாட்டுக்குக் குடுத்ததை யாரும் வீண்னு சொல்றதில்லயே. லோன்ல எதுவுமே வீணாகாதுன்னு நெனச்சா இந்தக் கணக்கைப் பாருங்க. கடன் 100, வட்டி 9 சதவீதம், 20 வருஷம்னு வச்சுக்குவோம், முடிக்கும்போது மொத்தம் 216 கட்டியிருப்பீங்க. அது தெரிஞ்ச கதைதான். ஆனா அஞ்சாவது வருஷ முடிவுல நின்னு பாருங்க, கட்டுனது 54, அசல்ல கழிஞ்சது வெறும் 11 சொச்சம், மீதி பூரா வட்டி! வட்டியும் பணத்துக்குக் குடுக்குற வாடகைதானே. இது போக பதிவுச் செலவு, வரி, பராமரிப்பு எல்லாம் தனி. உங்க வயசுல நல்ல சம்பளம் பெரும்பாலும் கம்பெனி மாறும்போதுதான் வருது, அப்போ வேற ஊருக்குப் போகணும்னா அஞ்சு வருஷத்துக்குள்ள வித்துட்டுப் போறதுல கையைக் கடிச்சிடும்.

அதுக்காக அப்பா சொல்றது சுத்தமா தப்புன்னும் சொல்ல மாட்டேன். பத்துப் பதினஞ்சு வருஷம் அதே ஊர்தான்னு உறுதியா தெரிஞ்சா கதையே வேற, ஏன்னா வாடகை ஏறிட்டே போகும், இஎம்ஐ அந்த அளவுக்கு ஏறாது. நான் போடுற கணக்கு ஒண்ணு இருக்கு, அதே மாதிரி வீட்டுக்கு ஒரு வருஷ வாடகை எவ்வளவுன்னு கேட்டு அதால விலையை வகுத்துப் பாருங்க, 20க்குள்ள வந்தா யோசிக்கலாம், 35, 40ன்னு போனா பேசாம வாடகையிலயே இருங்க. இன்னொண்ணு, லோனுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை பாருங்க. வரப்போற இஎம்ஐல இப்போதைய வாடகை போக மீதியை ஆறு மாசம் தனி அக்கவுண்ட்ல போடுங்க. மூணாவது மாசமே அதுல கை வச்சுட்டீங்கன்னா, எனக்கு லெட்டர் போட வேண்டிய அவசியமே இருக்காது.

கேள்வி: சம்பளத்துல 30 சதவீதத்துக்கு மேல வாடகைக்குப் போகக் கூடாதாமே, எனக்கு 45 போகுது. நான் ஊதாரியா?

பதில்: அந்த 30 எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? அமெரிக்காவுல 1969ல, அரசாங்கக் குடியிருப்புல இருக்குற ஏழைங்ககிட்ட வருமானத்துல 25 சதவீதத்துக்கு மேல வாடகை வாங்கக் கூடாதுன்னு ஒரு சட்டத் திருத்தம் வந்துச்சு, கொண்டு வந்தவர் செனட்டர் எட்வர்ட் புரூக். 1981ல அதையே 30 ஆக்குனாங்க. அதாவது வாடகை வாங்குறவனுக்குப் போட்ட வரம்பு அது, எப்படியோ உருண்டு வந்து வாடகை குடுக்குறவனுக்கு மார்க் ஷீட் ஆயிடுச்சு!

நீங்க ஊதாரி இல்லம்மா. படிச்ச படிப்புக்கு வேலை நாலு பெரிய ஊர்லதான் இருக்கு, எல்லாரும் அங்கயே போய் விழுறோம், அந்த வேகத்துக்கு வீடு கட்ட முடியல, நிலத்தை யாரும் புதுசா தயாரிக்கவும் முடியாது. சதவீதத்தை விட்டுட்டு, வாடகையும் படிப்புக் கடன் தவணையும் போக மாசக் கடைசியில கையில என்ன நிக்குதுன்னு பாருங்க. ஒண்ணும் நிக்கலன்னா ரூம் ஷேர் பண்ணுங்க. தள்ளி சீப்பா கிடைக்குதேன்னு போறதுக்கு முன்ன பஸ் காசையும் தினம் போற ரெண்டு மணி நேரத்தையும் கூட்டிப் பாத்துடுங்க.

கேள்வி: ரூம்மேட் சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டான், ஓனர் அவன் பங்கையும் என்கிட்ட கேக்குறாரு. குடுக்கணுமா?

பதில்: ஒரே அக்ரிமெண்ட்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தா பெரும்பாலும் ஆமாதான், முழு வாடகைக்கும் ஒவ்வொருத்தரும் பொறுப்புன்னு அதுல எழுதியிருப்பாங்க, எடுத்துப் படிங்க. அடுத்த தடவை தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க.

அட்வான்ஸ் விஷயத்துலயும் உஷார். என் முதல் வீட்டைக் காலி பண்ணும்போது சுவத்துல ஆணி ஓட்டைன்னு சொல்லி பெயிண்ட் செலவைக் கழிச்சுட்டாரு ஓனர், அது நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்த ஓட்டை, மேல காலண்டர் தொங்குனதுல கவனிக்கல. அதுலருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் பெட்டியை இறக்குறதுக்கு முன்ன பாத்ரூம் குழாய் வரைக்கும் போன்ல வீடியோ எடுத்து, அங்கயே நின்னு ஓனருக்கும் அனுப்பிடுவேன். ஒரு மாதிரி பாப்பாங்க, பாக்கட்டும்.