மக்களுக்கு அக்கறை இல்லையா?

கேள்வி: அரசு சேவைகள் எல்லாம் ஆன்லைனுக்கு வந்துவிட்டன. எதை எப்படி மாற்றலாம் என்று கருத்துக் கேட்கிற பக்கமும் வைத்திருக்கிறார்கள். அதில் போய் நாலு வரி எழுத மக்களுக்குத்தான் அக்கறை இல்லை. அப்படியிருக்க, மக்களைக் கேட்காமலே எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள் என்று நீங்கள் குறை சொல்வது என்ன நியாயம்?

பதில்: நியாயம்தான். எழுதினால் என்ன ஆகும் என்று தெரியாத இடத்தில் யாரும் நேரத்தைச் செலவழிக்க மாட்டார்கள். அதற்கு அக்கறையின்மை என்று பெயர் வைக்காதீர்கள். இருக்கிற வேலையை விட்டுவிட்டு, ஓடிபி வாங்கி, உள்ளே போய், தன் கஷ்டத்தை ஒரு பத்தி எழுதியவருக்குக் கிடைப்பது 'உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது' என்ற ஒரு வரி. அதை யார் படித்தார்கள், ஏற்றார்களா, ஏற்கவில்லை என்றால் ஏன் என்று ஒரு பதில் வந்திருந்தால் அவரே இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்.

தைவானில் நடந்ததைச் சொல்கிறேன். 2017 மே மாதம், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நேரம். வடிவமைப்புத் தொழிலில் இருக்கும் ஒருவர், வரித்துறையின் மென்பொருளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், 'ஜாயின்' என்ற அரசுத் தளத்தில் கொதித்து எழுதினார். பின்னாலேயே கோபமான கருத்துகள் குவிந்தன. அங்கே ஒவ்வொரு அமைச்சகத்திலும் மக்களோடு பேசுவதற்கென்றே அதிகாரிகளை வைத்திருக்கிறார்கள். நிதி அமைச்சகத்தின் அந்த அதிகாரி மறுப்பு அறிக்கை எதுவும் விடவில்லை. குறை சொன்னவர்களையே அழைத்தார், வாருங்கள், சேர்ந்து சரிசெய்வோம் என்று. திட்டியவர்களும் துறை ஊழியர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். வரி கட்டுகிறவர் திரையைத் திறப்பதில் தொடங்கிக் கடைசிப் படி வரைக்கும் எங்கெங்கே சிக்குகிறார் என்று ஒவ்வொன்றாக எழுதிவைத்துப் பேசினார்கள். ஒரே நாளில் முடியவில்லை, பல அமர்வுகள் நடந்தன. 2018 வரி சீசனுக்குப் புதிய வடிவம் வந்துவிட்டது.

இதில் இணையம் செய்தது சின்ன வேலை, அதாவது கோபமாக இருந்தவர்களை ஓரிடத்தில் சேர்த்தது. மீதி எல்லாம், பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு ஒரு ஆளின் தலையில் இருந்ததாலும், அவருக்குப் பின்னால் துறை நின்றதாலும் நடந்தது. தளத்தை மட்டும் வாங்கிவைத்துவிட்டு அந்த ஆளை நியமிக்க மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் புகார்.

அப்புறம், எப்போது கேட்கிறார்கள் என்பதையும் பாருங்கள். டெண்டர் விட்டு, மென்பொருள் எழுதி முடித்து, தொடக்க விழாவுக்குத் தேதியும் குறித்த பிறகு 'உங்கள் மேலான கருத்து' என்று கேட்டால் என்ன சொல்வது? பொத்தான் எந்த நிறத்தில் இருக்கலாம் என்று வேண்டுமானால் சொல்லலாம். இந்தச் சேவைக்கு ஏழு சான்றிதழ் எதற்கு, அதில் நாலு உங்களிடமே இருக்கிறதே என்று சொல்ல வேண்டிய நேரம் அதற்கு வெகு முன்னால். அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969லேயே மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து, வெறும் கருத்துக் கேட்பை நடுவில், பெயரளவுப் பங்கேற்பு என்ற பகுதியில் வைத்தார். அப்போது இந்தக் கருவிகள் எதுவும் கிடையாது. கருவிகள் வந்த பிறகும் பெரும்பாலானவர்கள் அந்த நடுப்படியில்தான் நிற்கிறார்கள்.

கருத்து எழுதச் சொல்வதால் மட்டும் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பதும் தப்பு. ஒற்றைப் பெயர் கொண்ட ஒரு பெண் படிவம் நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. ஒரு புள்ளி வைத்துப் பார்க்கிறார், ஏற்கவில்லை. ஒரு கோடு போட்டுப் பார்க்கிறார், அதுவும் இல்லை. கடைசியில் தன் பெயரையே இரண்டாம் முறை அடித்துத் தாண்டிப் போகிறார். முடிவில் வரும் மதிப்பீட்டுப் பக்கத்தில், வேலை முடிந்த நிம்மதியில் நாலு நட்சத்திரமும் கொடுக்கிறார். சான்றிதழ் வரும்போது அதில் அவர் பெயர் இரண்டு தடவை இருக்கும், பிறகு அதைத் திருத்த அவர் அலைய வேண்டும். இதை எந்த சர்வேயும் காட்டிக்கொடுக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று பார்த்தவருக்குத்தான் தெரியும். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் பிரிவு இதை விதியாகவே வைத்திருக்கிறது, உண்மையான பயனாளிகளை வைத்துச் சோதிக்காமல் சேவையை வெளியிடக் கூடாது என்று. முன்பு இருந்த விதிப் பட்டியலில் கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடித்தது: பொறுப்பான அமைச்சரே அந்தச் சேவையை முதலிலிருந்து கடைசி வரை செய்து பார்க்க வேண்டும்!

கருவியை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். மாட்ரிட் நகராட்சி 2015ல் திறந்த தளத்தில் யாரும் யோசனை வைக்கலாம், ஆனால் வாக்கெடுப்புக்குப் போக நகரத்தின் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒரு சதவீதம் பேர், சுமார் 27,000 பேர், ஆதரிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் யோசனைகள் வந்தன, ஒன்றை ஒன்று அமுக்கிக்கொண்டன. 2017 தொடக்கத்தில் வாக்கெடுப்பு வரை போனவை இரண்டே இரண்டு. மற்றவற்றை எழுதியவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்வீர்களா? இதற்கு நேர்மாறாக, ஊபர் வாடகைக் கார்களை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று 2015ல் தைவானில் பேசியபோது 'போல்.இஸ்' (Pol.is) என்ற இணையக் கருவியைப் பயன்படுத்தினார்கள். அதில் ஒருவர் சொன்னதை ஏற்கலாம், மறுக்கலாம், தாண்டிப் போகலாம், பதில் எழுத வழியே கிடையாது. சண்டைக்கு இடமில்லாமல் போனதால், எதிரெதிர் அணிகள் இரண்டுமே எதை ஒப்புக்கொள்கின்றன என்பது வெளியே தெரிந்தது.

சரி, எல்லோரும் எழுதிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எல்லோரும் என்றால் யார்? பாஸ்டன் நகரத்தில் காரில் போகும்போது குலுங்குவதை வைத்துச் சாலைப் பள்ளத்தைக் கண்டுபிடிக்கும் செயலி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். காரும் ஸ்மார்ட்போனும் இருக்கிற பகுதிப் பள்ளங்கள்தானே அதில் விழும்? இல்லாதவர்களின் தெரு நன்றாக இருப்பதுபோல வரைபடம் காட்டிவிடும். அதைப் புரிந்துகொண்டு, ஊர் முழுக்கச் சுற்றும் நகராட்சி ஊழியர்களிடமும் அந்தச் செயலியைக் கொடுத்தார்கள். எண்ணிக்கையை நம்பி ஏமாறவும் கூடாது. 2017ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் இணையச் சமநிலை, அதாவது இணைய நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற விதி, பற்றிக் கருத்துக் கேட்டபோது 2 கோடிக்கு மேல் குவிந்தது. அதில் சுமார் 1.8 கோடி போலி என்று நியூயார்க் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 2021ல் அறிக்கை வெளியிட்டது.

இன்னொரு கூட்டத்தையும் யாரும் கேட்பதில்லை, கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியர்களைத்தான் சொல்கிறேன். எந்தக் கட்டத்தில் எல்லோரும் தப்பு செய்கிறார்கள், எந்த விண்ணப்பம் திரும்பத் திரும்ப வருகிறது, எந்தச் சான்றிதழை வாங்கி வைத்துவிட்டு யாரும் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. புதிய மென்பொருள் வருகிற செய்தி அவர்களுக்கே பயிற்சி வகுப்பு அன்றைக்குத்தான் தெரிகிறது. அடுத்த சேவையைத் திருத்தி அமைக்க உட்காரும்போது, திட்டி எழுதிய ஒருவரையும் அந்தக் கவுன்ட்டர் ஊழியரையும் முதல் கூட்டத்துக்கே கூப்பிடட்டும். கூப்பிட்டும் வரவில்லை என்றால், அப்போது மக்களுக்கு அக்கறை இல்லை என்று நீங்கள் எழுதுங்கள், நான் பிரசுரிக்கிறேன்.