45 நாள் குழந்தைக்குப் பால் போதவில்லையா?

கேள்வி: மும்பை தாராவியில் இருக்கிறோம். மகளுக்கு 45 நாள். பிறந்தபோது 2.8 கிலோ, ஊசி போடப் போனபோது 3.8 கிலோ. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். சாயங்காலம் ஆனால் விடாமல் அழுகிறாள். "உனக்குப் பால் பத்தல, பவுடர் பால் கலந்து கொடு" என்கிறார் மாமியார். நான்கு மாதத்தில் வேலைக்கும் போகவேண்டும். இப்போதே புட்டியைப் பழக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆறு வாரத்தில் ஒரு கிலோ ஏறியிருக்கிறாள், பால் நன்றாகவே போதுகிறது. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போகிறாளா என்று மட்டும் பாருங்கள். சாயங்கால அழுகை இந்த வயதில்தான் அதிகம். மூன்று, நான்கு மாதத்தில் தானாக அடங்கிவிடும். காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். பவுடர் பாலில் வயிறு நிறைந்தால் அந்த வேளை உங்களிடம் குடிக்க மாட்டாள், சுரப்பு குறையும். கொஞ்ச நாளில் நிஜமாகவே பால் பத்தாமல் போய்விடும்.

என்னிடம் வரும் தாய்மார்கள் பலர் இப்படித்தான் தாய்ப்பாலை நிறுத்தியிருக்கிறார்கள். பெரும்பாலும் உடம்பில் குறை இருக்காது. பக்கத்தில் இருப்பவர்களின் பேச்சு, தூக்கமின்மை, அப்புறம் இடம். ஒரே அறை வீட்டில் ஆட்கள் வந்துபோகும் சாயங்காலத்தில், புடவையைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பாதியில் எழுந்துவிடுகிறார்கள். குழந்தை அடிக்கடி பால் தேடுவதும் அதே நேரத்தில்தான். அந்த ஒரு மணி நேரம் அறையை உங்களுக்கு விட்டுவிடச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

மாமியாரோடு வாதாட வேண்டாம். அடுத்த தடவை எடை போட அவரையும் கூட்டிப் போங்கள், அவரே பார்க்கட்டும். உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் சயான் மருத்துவமனையில்தான் 1989-இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது. குறைமாதக் குழந்தைக்குக்கூட, பெற்றவளுக்குப் பால் வராதபோது, பவுடர் பால் இல்லாமல் இன்னொரு தாயின் பாலைத் தேடிக் கொடுக்கிறோம் என்று அவருக்குச் சொல்லுங்கள்.

வேலை விஷயம். சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால் குழந்தைகள் காப்பகமும் இருக்கவேண்டும், நாளுக்கு நான்கு தடவை நீங்கள் போய்ப் பார்க்கலாம். அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். காப்பகம் இல்லையென்றால், பாலைச் சுத்தமான பாத்திரத்தில் பீய்ச்சி வைத்துவிட்டுப் போங்கள். ஃபிரிட்ஜில் ஒரு நாள் தாங்கும். வெளியில் நான்கு மணி நேரம், மும்பை வெயிலில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. புட்டி தேவையில்லை. பாலாடையில் புகட்ட உங்கள் மாமியாருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.