கணினி கேள்வி–பதில்: அலமாரியில் உறங்கும் எஸ்எஸ்டி

கே: கல்யாணப் படம் எடுப்பது தொழில். வாடிக்கையாளர் படங்களை 1 டிபி எஸ்எஸ்டியில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக எதிலும் செருகவில்லை. அப்படியே இருக்குமா? – வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

ப: இருக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். இன்றே செருகி எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள்.

எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாமல், சிப்பில் உள்ள ‘செல்’ என்ற நுண்ணறைகளில் தரவை மின்னேற்றமாகப் பிடித்து வைக்கிறது. டிஎல்சி வகையில் ஒரு செல்லுக்கு 8 மின்னேற்ற நிலைகள், மலிவான கியூஎல்சியில் 16. இடைவெளி அவ்வளவு குறுகல் என்பதால், கொஞ்சம் கசிந்தாலும் பக்கத்து நிலையாகப் படிக்கப்பட்டுவிடும். சூட்டில் கசிவு இன்னும் வேகம். எழுதும் ஆயுளைத் தீர்த்துவிட்ட வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் 1 வருடம் தாங்கினால் போதும் என்பது சிப் துறையின் தர அமைப்பான ஜெடெக்கின் தரநிலை. அதிகம் எழுதப்படாதது இன்னும் வெகுகாலம் தாங்கும். ஆனால் ஏர்கான் இல்லாத கோலாலம்பூர் அறை மதியத்தில் 30ஐத் தாண்டிவிடும். மூடிய காரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

‘அப்பப்போ செருகி வச்சா போதும்’ என்பார்கள். போதாது. பல கண்ட்ரோலர்கள் (எஸ்எஸ்டியை உள்ளிருந்து நடத்தும் சிப்கள்) ஓரிடத்தைப் படித்து, அங்கே பிழை கூடியிருந்தால்தான் வேறிடத்தில் புதிதாக எழுதும். ஆகவே 6 மாதத்துக்கு ஒரு முறை முழுவதையும் படிக்க வையுங்கள். நகலெடுக்கும் அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ஷா-256 செக்சம் பட்டியல் எடுத்து வைத்தால், பிறகு ஒப்பிடலாம். நொடிக்கு 500 எம்பி படிக்கும் சாட்டா (கேபிளில் இணையும் வகை) எஸ்எஸ்டிக்கு 1 டிபி என்பது சுமார் 35 நிமிட வேலை. பழைய யூஎஸ்பி 2 கேபிளில் 8 மணி நேரம் இழுக்கும். பழைய கோப்புகள் மட்டும் மந்தமாக வந்தால், கண்ட்ரோலர் திரும்பத் திரும்பப் படித்துத் திருத்துகிறது என்று அர்த்தம். 2014இல் சாம்சுங் 840 இவோவில் இப்படித்தான் மந்தம் வந்து, அதன் உள் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்ற வேண்டியதாயிற்று.

கே: கணக்கு வேலைக்குப் பயன்படுத்திய மடிக்கணினியை விற்கப் போகிறேன். கோப்புகளை ஐந்து முறை மேலெழுதி அழிக்கும் மென்பொருள் போதுமா? – வாசகர், ஜார்ஜ்டவுன்

ப: அது ஹார்ட் டிஸ்க் காலத்து வைத்தியம். எஸ்எஸ்டி தேய்மானத்தைப் பரப்புவதற்காக ஒவ்வொரு முறையும் வேறு செல்களில் எழுதும். பழைய கணக்கு இருந்த இடத்திலேயே கிடக்கலாம். ஐந்து முறை மேலெழுதினால் எஸ்எஸ்டி தேய்வதுதான் மிச்சம். பயாஸிலோ (கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) எஸ்எஸ்டி தயாரிப்பாளரின் மென்பொருளிலோ உள்ள ‘செக்யூர் இரேஸ்’ அல்லது ‘சானிடைஸ்’ கட்டளையைக் கொடுங்கள்.

அடுத்த கணினியில் முதல் நாளே, டிரைவ் முழுவதையும் சாவி போட்டுக் குறியாக்கும் விண்டோஸின் பிட்லாக்கரை இயக்கிவிடுங்கள். விற்கும்போது சாவியை அழித்தால் மிச்சம் கிடப்பது குப்பை. எஸ்எஸ்டியே செய்யும் குறியாக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். 2018இல் நெதர்லாந்தின் ராட்பௌட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில குரூஷியல், சாம்சுங் மாடல்களில் கடவுச்சொல் இல்லாமலே தரவை எடுத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே விண்டோஸ், மென்பொருள் குறியாக்கத்தை இயல்பாக்கியது. மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள்.

கே: இடி இடித்து கரண்ட் டிரிப் ஆனதிலிருந்து பயாஸில் எஸ்எஸ்டியே தெரியவில்லை. – வாசகர், செந்தூல்

ப: எந்தத் தரவு எந்தச் செல்லில் என்ற அட்டவணை, எழுதும் நடுவில் அறுந்திருக்கலாம். சாட்டா என்றால் டேட்டா கேபிளைக் கழற்றி, மின்சாரம் மட்டும் 20 நிமிடம் கொடுங்கள். 30 விநாடி நிறுத்தி, மறுபடி 20 நிமிடம். சில நேரம் அட்டவணையை அதுவே சீராக்கிக்கொள்ளும். தெரிந்தவுடன் முதலில் நகலெடுங்கள், விண்டோஸ் பிறகு. இரண்டு முறை செய்தும் வரவில்லையா? தரவு மீட்பவரிடம் போகும் வரை ஃபார்மட் பக்கமே போகாதீர்கள்.