கோணல் ரிவெட்டைப் பிடுங்கலாமா?

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் வீட்டு கராஜில், கிட்டாக வரும் ஆர்வி-7 சிறு விமானம் கட்ட ஆரம்பித்திருக்கிறேன். வால்பகுதி கிட் வந்து, ஹாரிசான்டல் ஸ்டெபிலைசர் (வாலின் கிடைமட்டச் சிறகு) பாதி முடிந்திருக்கிறது. என் தலைவலி, தகடுகளை இணைக்க அடிக்கும் ஆணியான ரிவெட்தான். பத்துக்கு ஒன்றிரண்டு கோணலாகப் போய்விடுகிறது. துளைத்து எடுத்துவிட்டு வேறு அடித்தால் ஓட்டை பெரிதாகி, இரண்டாவது ரிவெட் முதலாவதைவிட மோசமாக அமைகிறது. உள்ளே நெடுகத் தாங்கும் சட்டமான ஸ்பாரின் ஓரத்தில் ஒரு ஓட்டை நீள்வட்டமாகவே ஆகிவிட்டது. ஸ்பாரையே தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாமா என்று யோசிக்கிறேன். ஆபீஸ் முடிந்து வந்து இரவில், தனியாகத்தான் செய்கிறேன். என்ன சொல்வீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஸ்பாரைத் தூக்கிப்போடாதீர்கள். ட்ரில்லையும் கொஞ்ச நாள் கீழே வையுங்கள்.

ரிவெட் கோணலாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அளந்து பார்த்தீர்களா என்று எழுதவில்லை. வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் தகட்டைக் கெடுப்பது பெரும்பாலும் ரிவெட் அடிக்கும்போது இல்லை, ஓரளவு நன்றாக இருக்கும் ரிவெட்டைப் பிடுங்கும்போதுதான். கண்ணுக்கு அழகாக இல்லாத ரிவெட் வேறு, பலமில்லாத ரிவெட் வேறு. பின்னால் அடித்து உருவாகும் தலையின் அகலம் ரிவெட் தண்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு, உயரம் அதில் பாதி விட்டம் இருக்க வேண்டும். 1/8 அங்குல ரிவெட் என்றால் அகலம் 3/16, உயரம் 1/16. இதைச் சோதிக்க ஓட்டை போட்ட சின்னத் தகடாக ரிவெட் கேஜ் கிடைக்கிறது. வாங்கி, சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தலை சற்று ஒரு பக்கம் தள்ளியிருந்தாலும், அளவு சரியாக இருந்து, ஓட்டையை முழுக்க மூடி, விரிசல் இல்லாமல் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். தண்டு மடிந்து படுத்துவிட்டதா, இரண்டு தகடுகளுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா, அப்போது மட்டும் எடுங்கள்.

எடுக்கும் முறையில்தான் உங்களுக்குப் பிழை நேர்கிறது என்று நினைக்கிறேன். ரிவெட்டை முழுக்கத் துளைத்துவிடுகிறீர்கள், ட்ரில் வழுக்கித் தகட்டைத் தின்றுவிடுகிறது. நாம் பயன்படுத்தும், ஏடி என்னும் அலுமினியக் கலவை ரிவெட்டின் தலை நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கிறது பாருங்கள், ட்ரில் நுனி அங்கேதான் உட்கார வேண்டும். 1/8 ரிவெட்டுக்கு முதலில் 40-ஆம் எண் பிட், அப்புறம் 30-ஆம் எண். தலையின் கனம் எவ்வளவோ அவ்வளவு ஆழம் போதும், அதைத் தாண்டக்கூடாது. பிறகு அந்தக் குழிக்குள் சரியான அளவு பன்ச்சை நுழைத்துப் பக்கவாட்டில் நெம்பினால் தலை மட்டும் டக்கென்று கழன்று வரும். மிச்சத் தண்டைத் தட்டி வெளியேற்றும்போது தகட்டுக்குப் பின்னால் ஏதாவது முட்டுக்கொடுங்கள், இல்லாவிட்டால் தகடு வளையும். ட்ரில்லை மெதுவாக ஓட்டுங்கள். முதல் இரண்டு சுற்றை, பிட்டைப் பிடித்திருக்கும் ட்ரில் முனையைக் கையால் திருகியே போட்டால் குழி நடுவில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

நீள்வட்டமான அந்த ஓட்டைக்கு அடுத்த அளவு ரிவெட் போடலாம், விளிம்பு இடம் கொடுத்தால். ஓட்டையின் மையத்திலிருந்து விளிம்புவரை ரிவெட் விட்டத்தைப்போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். 1/8-லிருந்து 5/32-க்குப் போவதானால் 5/16 அங்குலம் வேண்டும். அளந்து, படமும் எடுத்து, கிட் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். ஸ்பார் விஷயத்தில் நானாக ஒரு தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஸ்கின்னில், அதாவது வெளித்தகட்டில், 3/32 ஓட்டை பெரிதாகிவிட்டால் அவ்வளவு கவலை வேண்டாம். தண்டு 1/8, தலை மட்டும் 3/32 ரிவெட்டின் தலை அளவில் இருக்கும் ரிவெட் உண்டு. கட்டுகிறவர்கள் அதை ஊப்ஸ் ரிவெட் என்பார்கள். ஒரு பொட்டலம் வாங்கி வையுங்கள்.

இனி, ஏன் கோணலாகிறது? முதலில் நீளத்தைப் பாருங்கள். அடிப்பதற்கு முன் தண்டு தன் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு வெளியே நீண்டிருக்க வேண்டும், அதாவது 1/8-க்கு 3/16. கூடிப்போனால் சாயும். வரைபடத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள், ஒவ்வொரு வரிசையிலும் முதல் ரிவெட்டை அளந்துவிடுங்கள். அடுத்தது பக்கிங் பார், பின்பக்கம் தண்டு முனையில் முட்டுக்கொடுக்கும் உலோகக் கட்டி. அது தண்டுக்கு நேர் செங்குத்தாக உட்கார்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாத இடங்களில் விரல்தான் சொல்லும். சின்ன அளவிலும் கனமாக இருக்கும் டங்ஸ்டன் பார் விலை அதிகம், ஆனால் அந்தக் காசு வீண் போகாது. ரிவெட் அடிக்கும் காற்றுக் கன்னில் அழுத்தம் குறைவாக இருந்து நீண்ட நேரம் டர்ர் என்று அடித்துக்கொண்டே இருந்தால் ரிவெட் இறுகிப்போய் ஒழுங்காகப் பரவாது. அழுத்தத்தைக் கிட் தகட்டில் பழகாதீர்கள், வேண்டாத துண்டுத் தகட்டில் முடிவுசெய்யுங்கள். கை எட்டுகிற விளிம்பு ரிவெட்டுக்கெல்லாம் கன்னே வேண்டாம், இரண்டு பக்கமும் நெரிக்கும் ஸ்குவீசர் போதும், தனியாகவே செய்துவிடலாம்.

பெரிய ஸ்கின்னுக்கு மட்டும் இன்னொருவரைக் கூப்பிடுங்கள். வீட்டில் யாராக இருந்தாலும் சரி, பேச்சு முறை ஒன்று வேண்டும். கன் பிடித்தவர் அதை ரிவெட் தலையில் வைத்து அழுத்திக் காத்திருக்க வேண்டும். பார் பிடித்தவர் "ம், அடி" என்று சொன்ன பிறகுதான் விசையைத் தொட வேண்டும். பார் பிடித்தவர்தான் பின்பக்கத்தைப் பார்க்கிறார், அதனால் நிறுத்தச் சொல்லும் உரிமையும் அவருடையதுதான். இருவர் காதிலும் அடைப்பு இருக்கட்டும்.

ஆபீஸ் முடிந்து வந்த இரவுகளில் ரிவெட் அடிக்காதீர்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன். அந்த நேரத்துக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது. ஓட்டைப் பிசிறு எடுக்கலாம், கையால் லேசாக இரண்டு மூன்று சுற்று, அதற்கு மேல் போனால் தகடு மெலிந்துவிடும். ரிவெட் தலை உள்ளே அமர, ஓட்டையைச் சுற்றிக் குழியாக்கும் டிம்பிள் போடலாம். தகட்டின்மேல் ஒட்டிவரும் நீல பிளாஸ்டிக் படலத்தை ரிவெட் வரிசை நெடுக, முனை மழுக்கிய சால்டரிங் அயர்னால் கீறி உரிக்கலாம். கத்தியால் கீறவே கூடாது, அந்தக் கோட்டிலிருந்துதான் பின்னால் விரிசல் கிளம்பும். அதேபோல அலுமினியத்தில் பென்சிலால் குறிக்காதீர்கள், கிராஃபைட் பட்ட இடம் அரிக்கும். ஷார்ப்பி பேனா போதும். அப்புறம் அன்றைய வேலையைப் படத்தோடு நோட்டில் எழுதுங்கள். பெரும்பகுதியை நீங்களே கட்டினீர்கள் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏவுக்குக் காட்ட வேண்டிய நாளில் அந்த நோட்டுதான் பேசும்.

இன்னொன்று. 1953-இல் மில்வாக்கியில் தொடங்கிய, வீட்டில் விமானம் கட்டுகிறவர்களின் ஈஏஏ சங்கத்தின் கிளை உங்கள் ஊர்ப்பக்கமும் இருக்கும். அதில் டெக்னிக்கல் கவுன்சிலர்கள் என்று தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். கட்டி அனுபவப்பட்டவர்கள், காசு வாங்காமல் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். ஸ்டெபிலைசரை மூடுவதற்கு முன் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். மூடிய பிறகு உள்ளே பார்ப்பது பெரும்பாடு.

உங்களைக் கவலைப்படுத்தும் ரிவெட்டுகளைக் கேஜ் வைத்துப் பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்புங்கள். நேர் மேலிருந்து எடுத்தால் உயரம் தெரியாது. அதுவரை எதையும் பிடுங்க வேண்டாம்.