பின்கட்டில் கூடும் மரவட்டைகள்: கொடுங்கையூர் நண்பருக்கு

வணக்கம். ஐப்பசி மழை தொடங்கியது முதல் உங்கள் பின்கட்டுச் சுவரில் மரவட்டைகள் கும்பலாக ஏறுவதாகவும், அவை கூட்டம் சேர்ந்து படையெடுக்கின்றனவோ என்று அஞ்சி நாளும் உப்புத் தூவுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

எறும்புகளுக்கு உள்ளது போன்ற கூட்டு வாழ்க்கை இவற்றுக்குக் கிடையாது. பூச்சிகளின் ஓட்டின் மேல் இருக்கும் மெழுகுப் படலம் மரவட்டைக்குப் போதிய அளவில் இல்லாததால் உடலின் ஈரம் விரைவில் வற்றிவிடும். ஆகவே ஒவ்வொன்றும் தனித்தனியே ஈரத்தையும் இருட்டையும் தேடிப் போய், கடைசியில் எல்லாம் ஒரே மூலையில் வந்து சேர்கின்றன. மண் நீரில் ஊறிவிட்டாலோ மேட்டை நாடிச் சுவரேறுகின்றன. ஜப்பானில் எட்டாண்டுக்கு ஒருமுறை முதிர்ந்து பெருகும் ஓர் இனம் தண்டவாளத்தில் திரண்டு ரயிலையே நிறுத்தியிருக்கிறது. நம் ஊரில் இதை ரயில் பூச்சி என்றழைப்பது வேறு காரணத்தால்தான், ஆனாலும் பொருத்தமான பெயர்.

வியாசர்பாடியில் எங்கள் கிணற்றடியில் அடுக்கியிருந்த பழைய செங்கல்லில் ஒன்றைப் புரட்டியபோது, அடியில் நாற்பதுக்குக் குறையாமல் காசு போலச் சுருண்டு கிடந்தன. செங்கல்லையும் மட்கிய தென்னை மட்டையையும் அகற்றிய ஒரு வாரத்தில் வரத்து நின்றது. உப்பு வீண், முதலில் குப்பையை அள்ளி, கதவடி இடுக்கை அடைத்துவிடுங்கள். இவை பூரானைப் போலக் கடிப்பதில்லை. ஆனால் நசுக்கினால் கசியும் நீர் தோலில் பழுப்புக் கறையும் எரிச்சலும் தரும் என்பதால் முறத்தில் வாரி வெளியே கொட்டுவதே நல்லது.